பதினேழாவது கேள்விக்கு நான் எழுதிய விடை

பேச வருகிற எல்லாருக்கும் ஐந்து நிமிடம் என்று மணியோடு அமர்ந்து இந்த அவையைக் கட்டியாளும் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் நடராசா ஐயா அவர்களே! செய்த ஆய்வின் முடிவை எங்கள் தமிழில் எங்களுக்கே சொல்ல வேண்டும் என்று முள்ளியவளைக்கு வந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மௌலவி அவர்களே! ஆசிரியப் பெருந்தகைகளே! வயலை விட்டும் வலையை விட்டும் வந்திருக்கும் உழைப்பால் உயர்ந்த உறவுகளே! எல்லாருக்கும் மேலாக, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் என் தாய்மாரே! இந்தக் கிருசாந்தியின் வணக்கம் உங்கள் அத்தனை பேருக்கும் உரியது.

என்னை நன்றியுரை சொல்ல அழைத்தார்கள். நன்றி சொல்வேன். அதற்கு முன் ஒரு குற்றத்தைச் சொல்ல வேண்டும். யாருடைய குற்றம்? அரசாங்கத்தின் குற்றமா? ஆசுப்பத்திரியின் குற்றமா? பொறுங்கள், அவசரப்பட்டுக் கை தட்டிவிடாதீர்கள். குற்றவாளி உங்கள் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

இந்த ஆய்வுக்காக வீடுவீடாகப் போய்த் தகவல் எடுத்த பன்னிரண்டு பேரில் நான் ஒருத்தி. ஆய்வின் பொருள் என்ன? பெரிய மருத்துவர் சற்று முன் சொன்னார். நான் சின்ன வாயால் சொல்கிறேன். சில பிள்ளைகள் ஓரிடத்தில் இருக்கமாட்டார்கள். சொன்னது காதில் ஏறாது, தொடங்கியது முடியாது, கதிரையில் முள் இருப்பது போல நெளிவார்கள். அதைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று மருத்துவம் சொல்கிறது. நாங்கள் குழப்படி என்று சொல்கிறோம். நாங்கள் கண்ட ஒரே மருந்து பூவரசந்தடி! சிரிக்கிறீர்கள். அடித்த கையும் இங்கே இருக்கிறது, அடி வாங்கிய முதுகும் இங்கே இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு, வளர்ந்த பின் மனச்சிதைவு என்கிற பெருநோய் வருவது மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஏன் என்பது இன்னும் முழுதாகத் தெரியாது. ஓம் தங்கச்சி, நீங்கள் மடியில் இருக்கிறவனை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். குழப்படிக்காரரில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த நோய் வருவதே இல்லை. வருகிற ஒருசிலரைக் காலத்தோடு கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடு.

எங்கள் படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். பதினேழாவது கேள்வி இது: "அருகில் எவரும் இல்லாதபோது உங்களுக்குக் குரல் கேட்கிறதா?" ஆம் என்று விடை வந்தால் அந்த வாரமே அவரைக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். அதுதான் கட்டளை.

வன்னியில் கேட்கக்கூடிய கேள்வியா இது? படலை அசைந்தால் மகன் என்று எழும்புகிற தாய்க்கு நோயா? சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிற மனைவிக்கு நோயா? வவுனியாவில் பயிற்சியின்போது நானே எழுந்து நின்று இதைக் கேட்டேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஏக்கத்தில் கேட்கும் குரல் வந்து போகும். நோயின் குரல் வந்து குடியிருக்கும், ஏசும், ஏவும், நித்திரையைப் பறிக்கும். வித்தியாசம் எனக்கு நன்றாக விளங்கியது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை, சபையோரே.

கொக்கிளாயில் நாகேஸ்வரி அக்காவின் வீட்டுக்குப் போனேன். பெயரைச் சொல்கிறேனே என்று யோசிக்க வேண்டாம். "சொல்லுங்கோ தங்கச்சி, இவ்வளவு காலம் மறைச்சது காணும்" என்று அவாவே அனுமதி தந்தா. அவாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் பிரதாபன், இரண்டாயிரத்து ஒன்பதில் போர் முடிகையில் பதினேழு வயதில் காணாமல் ஆக்கப்பட்டவன். இளையவன் அஜந்தனுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அவன் கதிரையில் இருந்த நேரத்தைவிட வெயிலில் முழங்காலில் நின்ற நேரம் அதிகம். குழப்படி என்றார்கள். பிறகு, போரில் செல்லடிச் சத்தத்தில் பயந்த பிள்ளை என்றார்கள். பத்தொன்பது வயதில் ஒருநாள் அவன் தாயிடம் சொன்னான்: "அம்மா, அண்ணா கதைக்கிறார்."

அந்தத் தாய் என்ன செய்வா? வைத்தியரிடம் ஓடுவாவா? பதின்மூன்று வருடம் போராட்டப் பந்தலில் இருந்து, படம் ஏந்தி, மனு எழுதி, கொழும்புக்கும் ஜெனீவாவுக்கும் குரல் கொடுத்து ஒரு சொல் பதில் கிடைக்காத தாய், தன் வீட்டுக் குசினிக்குள் பதில் வந்தால் என்ன கேட்பா?

"என்னவாம் அப்பன்? எங்க இருக்கிறானாம்?" என்றுதான் கேட்டா.

செய்தி பரவியது. பக்கத்து வீட்டுத் தாய் படத்தோடு வந்தா. புளியங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். அஜந்தனைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, எங்கள் பிள்ளை இருக்கிறானா என்று வரிசையில் நின்று கேட்டார்கள். அவன் படத்தைப் பார்ப்பான். தலையைச் சரித்துக் கேட்பான். பிறகு சொல்வான்.

நான் படிவத்தை விரித்தேன். ஒன்று, இரண்டு என்று பதினாறு வரை கேட்டேன். பதினேழைக் கேட்டேன்.

"கேக்குது அக்கா. அண்ணாதான். இரவு பகலா நிப்பாட்டாமக் கதைக்கிறார். நித்திரை கொள்ள விடுறாரில்லை."

இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? வேண்டாம். என் பேனா காகிதத்தில் நின்றது. என் வாய் வேறொன்றைக் கேட்டது.

"தம்பி, என்ர தம்பியும் அங்க நிக்கிறானோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுறீரோ? வினோதன் எண்டு பேர்."

ஓம் சபையோரே, காணாமல் போன தம்பியைத் தேடித் திரிகிற நானும் கேட்டேன். பயிற்சி பெற்றவள் கேட்டேன். சான்றிதழ் வாங்கியவள் கேட்டேன். அந்தப் பிள்ளை என் முகத்தைக் கனநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நிக்கிறார் அக்கா. சாப்பிட்டிட்டாராம்."

நான் அழுதேன். ஆனந்தத்தில் அழுதேன். பிறகு பதினேழாவது கேள்விக்கு எதிரே "இல்லை" என்று குறியிட்டேன். ஏன்? ஆம் என்று இட்டால் அவனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவார்கள். குரல் நின்றுவிடும். என் தம்பி சாப்பிட்டானா என்று இனி யாரிடம் கேட்பேன்?

பின்வரிசையில் ஓர் அம்மா எழும்பி நிற்கிறா. ஐயா, அவாவை இருத்தாதேங்கோ, கேட்கட்டும். "அப்ப அந்தப் பொடியன் எங்களுக்குச் சொன்னதெல்லாம் பொய்யோ?" என்று கேட்கிறா. அம்மா, அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்டது உண்மை. பேசியது உங்கள் பிள்ளை இல்லை, நோய். இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நெஞ்சு எரிகிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஏழு மாதம் போனது. குரல் மாறியது. அண்ணா ஏசுகிறார் என்றான். வரச்சொல்லுகிறார் என்றான். ஒருநாள் காலை பத்து மணி வெயிலில், உடுத்த உடுப்போடு களப்புத் தண்ணிக்குள் இறங்கி நடந்தான். கரையில் நாலு பேர் நின்றார்கள். அண்ணனோடு கதைத்துக்கொண்டு போகிறான் என்று வழி விட்டார்கள். கேளுங்கள், வழி விட்டார்கள்! மீன் வாங்க வந்த முஸ்லிம் வியாபாரி கலந்தர் நானா மட்டும் தராசைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவனைக் கரைக்கு இழுத்தார். நன்றி சொல்லப் போனபோது அவர் சொன்னார்: "எனக்கு உங்கட கதை ஒண்டும் தெரியாது தங்கச்சி. தண்ணிக்குள்ள போற பொடியனத் தூக்கத்தானே வேணும்."

எங்கள் எல்லாருக்கும் எல்லாக் கதையும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒருவரும் தூக்கவில்லை.

தலைவர் மணியைத் தொடுகிறார். ஐயா, அடிச்சாலும் இன்று நான் இறங்கமாட்டன்.

ஆசுப்பத்திரி விறாந்தையில் நாகேஸ்வரி அக்கா என் கையைப் பிடித்தா. மாதாமாதம் ஊசி போட வேண்டும், தாய் சம்மதிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். "தங்கச்சி, ஊசி போட்டால் மூத்தவன்ர குரலும் நிண்டு போகுமோ?"

என் வாழ்க்கையில் ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு பாடுபட்டதில்லை. "ஓம் அக்கா, நிண்டு போகும்."

அவா பிடித்திருந்த என் கையை விட்டா. பிறகு, "போடச் சொல்லுங்கோ" என்றா.

அடுத்த நாளே ஆய்வுத் தலைவரிடம் போய் நான் செய்ததைச் சொன்னேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், சரியாகத்தான் செய்தார்கள். என் படிவங்கள் எல்லாம் மறுபடி எடுக்கப்பட்டன. இன்று என்னை மேடையேற்றியது அவர்களுடைய பெருந்தன்மை. ஆனால் அஜந்தன் இழந்த ஏழு மாதத்தை எந்தப் படிவம் திருப்பித் தரும்? நேரத்தோடு வந்திருந்தால் இன்னும் நன்றாகத் தேறியிருப்பான் என்று வைத்தியர் சொன்னார். ஓடித் திரிந்த பிள்ளை இப்போது வைத்த இடத்தில் இருக்கிறான். கேட்டால் பதில் வர நேரமெடுக்கிறது. அதற்குக் காரணம் நோய் பாதி என்றால் நான் பாதி.

என் தாய்மாரே! எங்கே எங்கள் பிள்ளைகள் என்று கேட்டோம். அதிகாரத்திடம் கேட்டோம், ஆணைக்குழுவிடம் கேட்டோம், அகிலத்திடம் கேட்டோம். கேட்ட இடத்தில் பதில் இல்லை. பதில் இல்லாத அந்தக் கேள்வியைக் கொண்டுவந்து யாருடைய தலையில் வைத்தோம்? நோயுற்ற ஒரு பிள்ளையின் தலையில் வைத்தோம்! பதில் சொல்ல வேண்டியவன் பஞ்சணையில் படுத்திருக்க, பாவப்பட்ட பிள்ளை எங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பாதி உயிரானான். கேளுங்கள், கேட்பதை நிறுத்தாதீர்கள், பதில் சொல்ல வேண்டியவனின் கதவில் நின்று கேளுங்கள்! வீட்டில் ஒரு பிள்ளை எனக்குக் குரல் கேட்கிறது என்றால், என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். வேலை போனாலும் கூட வர நான் இருக்கிறேன்.

நாகேஸ்வரி அக்கா ஒவ்வொரு மாதமும் முதல் பஸ்ஸில் ஏறுகிறா. இளையவனைக் காப்பாற்ற மூத்தவனின் குரலைத் தன் கையாலேயே அடக்குகிறா. அந்தத் தாயை விடப் பெரிய தியாகியை இந்த மண்ணில் எனக்குக் காட்டுங்கள்! போன மாதம் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் அவன் தாயின் தோளில் சாய்ந்து உறங்கினான். குரல் இப்போது அறவே இல்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவனுக்கு ஒண்டும் கேக்கேல்லையாம், தங்கச்சி. நல்லா நித்திரை கொள்ளுறான். நான்தான் இப்ப முழிச்சுக் கிடந்து காது குடுக்கிறன். எனக்கெண்டாலும் ஒருக்காக் கேக்காதோ எண்டு."

பொறுமையோடு கேட்ட அவைக்கும், மணியை அடிக்காமல் விட்ட தலைவருக்கும், நீரில் பாய்ந்த கலந்தர் நானாவுக்கும், இன்னும் காது கொடுத்துக்கொண்டிருக்கும் அத்தனை தாய்மாருக்கும் நன்றி. வணக்கம்.