குடும்பத்தின் பெயரில் ஒரு சைலன்சர்

குட்டி போடும் பருவத்தில் செம்மறி ஆடுகளுக்குச் சத்தம் ஆகாது. பக்கத்தில் துப்பாக்கி வெடித்தால் தாய் ஒரு பக்கம் ஓடும், ஈன்ற குட்டி ஒரு பக்கம் கிடக்கும். நரிக்கு அது போதும். அதனால்தான் வயோமிங்கில் எங்களைப் போல மந்தை வைத்திருப்பவர்கள் துப்பாக்கி முனையில் சைலன்சர் மாட்டிக்கொள்கிறோம். நகரத்துக்காரர்கள் அதைச் சினிமாவில் கொலைகாரன் கையில்தான் பார்த்திருப்பார்கள்.

அதை ஒருவன் தன் பெயரில் வாங்கினால் அவன் மட்டுமே வைத்திருக்கலாம். சொந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் குற்றம். பத்து வருடம் வரை சிறை. அதனால் குடும்பத்துக்கென்று ஒரு டிரஸ்ட் எழுதி அதன் பெயரில் வாங்குவார்கள். டிரஸ்டில் பெயர் உள்ள எல்லாரும் எடுத்துப் புழங்கலாம். எங்கள் டிரஸ்டை எழுதியவன் நான். ஒருவரைச் சேர்க்கவும் நீக்கவும் என் கையெழுத்து போதும். முதல் நாளே என் தம்பி ராய்ஸைச் சேர்த்தேன். அப்பா போனபின் அவனை ஆளாக்கியவன் நான்தானே.

போன வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவன் பேச்செடுத்தான்.

"ஆரின், என் பங்கு நெலத்த வித்துடலாம்னு இருக்கேன். மார்லிஸோட அம்மா ஊருக்கே போயிடுறோம். அங்க மரக்கடையில வேல தர்றாங்க."

"யாருக்கு விப்பே?"

"மொதல்ல உனக்குத்தான். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. நீயும் ஒரு கல்யாணத்தப் பண்ணித் தொலையேன். ஆட்டுகிட்டயே பேசிட்டுத் திரியறே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மனைவி மார்லிஸ் என் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள். அவர்கள் மகள் ஜூனி மேசைக்கடியில் என் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இல்லாத வீட்டில் ஒரு பனிக்காலத்தைக் கழிப்பதை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. மந்தையை விட்டு விலகும் ஆட்டை நாங்கள் அடிப்பதில்லை. காலைக் கட்டிவிடுவோம், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் டவுனுக்குப் போய், நோட்டரி முன்னால் ராய்ஸின் பெயரை நீக்கிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்தபோது அவன் வேலி கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க போயிருந்தே?"

"ஆட்டுக்கு உப்புக்கட்டி வாங்க. மேல் மேய்ச்சல்ல நரி நடமாட்டம் இருக்கு. துப்பாக்கிய சைலன்சரோட உன் வண்டியிலயே வெச்சுக்கோ."

"நீயும் வாயேன்."

"முதுகு வலிக்குது."

"கெழவனாயிட்டே. போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

அவன் வண்டி மேடேறியதும் அதிகாரிகளுக்குப் போன் பண்ணி, என் பெயரைச் சொல்லாமல், வண்டி நம்பரைச் சொன்னேன். மறித்தபோது அவன் கொஞ்சமும் பதறவில்லையாம். சிரித்துக்கொண்டே, "என் பேரு டிரஸ்ட்ல இருக்கு, எங்க அண்ணனக் கேளுங்க" என்றானாம்.

என்னைக் கேட்டார்கள். நீக்கிய பத்திரத்தைக் காட்டினேன்.

தெரியாமல் வைத்திருந்தான் என்றால் விட்டுவிடுவார்கள். அதனால் கோர்ட்டில் பைபிள் மேல் கை வைத்து, நீக்கியதை அவனிடம் நேரிலேயே சொன்னேன், சாமானைத் திருப்பிக் கேட்டேன், சண்டை போட்டுத் தர மறுத்தான் என்று சொன்னேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ராய்ஸ் எழுந்து நின்றான்.

"ஆரின், நல்லா யோசிச்சுப் பாரு. நீ சொல்ல மறந்திருப்பே."

நீதிபதி அவனை உட்காரச் சொன்னார். அப்போதும் நான் மறந்துவிட்டதாகத்தான் நினைத்தான். அவ்வளவு நல்ல பிள்ளை.

வக்கீல் செலவுக்காக அவன் பங்கு நிலத்தை மார்லிஸ் எனக்கே எழுதிக் கொடுத்தாள். அவளும் ஜூனியும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்கள். தண்டனை முடிந்து வந்தாலும் சட்டப்படி ராய்ஸ் இனித் துப்பாக்கியைத் தொட முடியாது. துப்பாக்கியைத் தொட முடியாதவன் இங்கே தனியாக மந்தை வைக்க முடியாது. என்னோடுதான் இருந்தாக வேண்டும். குடும்பம் சிதறவில்லை.

நேற்று மார்லிஸ் அவள் அம்மாவிடம், பனி உருகியதும் ஜூனியோடு வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், மனது குழம்பிப் போயிருக்கிறாள். இன்று காலை நோட்டரியிடம் போய் அவள் பெயரை டிரஸ்டில் சேர்த்துவிட்டு வந்தேன். வீட்டில் அந்தச் சாமான் இருக்கும்போது உனக்கும் சட்டச் சிக்கல் வரக்கூடாது என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவரும் அன்னைக்கு உங்க பேச்சக் கேட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்" என்றாள்.

கொடுத்திருக்கலாம் என்று நானும் சொன்னேன். எத்தனை முறை சொல்லியும் அவன் கேட்கவே இல்லை.