மாப்பிள்ளைக்கு வாங்கிய மேசை

காணிப்பாக்கத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, சித்தூருக்கு வந்து திருப்பதி பஸ் ஏறினேன். முன் சீட்டில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மாப்பிள்ளைக்கின்னு வாங்கின டைனிங் டேபிள் இருக்குதே, அதோட காலெல்லாம் பாதிக்கு அறுத்துட்டோம்" என்றாள் அக்கா.

"தேக்கு டேபிளையா? உனுக்கு இன்னா பைத்தியமாக்கா?"

"கேளுடி. மாப்பிள்ளையை அதுல தனியா உக்கார வெச்சி, நாங்க சுத்தி நின்னுக்கினு பரிமாறுவோம். அவரு தலையே தூக்காம ரெண்டு வாய் துன்னுட்டு எழுந்துடுவாரு. பண்டிகைக்கு வரவேயில்லை. பொண்ணு போன்ல அழுவுறா. 'அவரோட உக்காந்து துன்ன உங்களுக்கு இஷ்டமில்லைன்னு நெனச்சிக்கினாரும்மா'ன்றா."

"அட பாவமே. மாப்பிள்ளை துன்னு முடிக்காம நம்ம வீட்டுல யாரு துன்ன உக்காருவாங்க?"

"அது அவருக்கு எப்படித் தெரியும்? அவங்க வீட்டுல எல்லாரும் ஒண்ணா கீழ உக்காந்து துன்றவங்க. அதான் காலை அறுத்து, நாற்காலியெல்லாம் மாடிக்கு ஏத்திட்டு, சுத்தி பாய் போட்டேன்."

"வந்தாரா?"

"நேத்து வந்தாரு. சோறு, கொழம்பு எல்லாம் நடுவுல வெச்சிட்டு, நானும் எங்க வீட்டுக்காரரும் அவரு பக்கத்துலயே உக்காந்துட்டோம்."

"இன்னா சொன்னாரு?"

"ரசத்துக்கு வரும்போதுதான், 'மாமா, கொஞ்சம் நவுந்து உக்காருங்க, எனக்கு எடம் போதல'ன்னாரு."

சொல்லிவிட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் இருந்த இடத்திலிருந்தே பிள்ளையாருக்கு இன்னொரு கும்பிடு போட்டேன்.