ஸ்டார்ட் ஆகாத வண்டியும் இரண்டு சம்பந்திகளும்

— போதும் அண்ணி, சாவியை விடுங்க! ஆபீஸ் ஜீப் ஓட்டினவங்கன்னு உங்களை ஸ்டீயரிங்ல உட்கார வச்சா, இப்படியா திருகுவீங்க? இன்னும் நாலு தடவை திருப்பினா பேட்டரி உயிரை விட்டுடும்.

— செல்ஃப் நல்லாத்தான் சுத்துது சம்பந்தி. கர்ர் கர்ர்னு கேக்குதில்ல? ஆனா எடுக்க மாட்டேங்குது. ரிங் போகுது, அந்தப் பக்கம் ஆள் எடுக்கல. அவ்ளோதான் விஷயம்.

— முப்பது வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல குப்பை கொட்டினவங்க வேற எப்படிச் சொல்வீங்க!

— நீங்க மட்டும் என்னவாம்? பானெட்டைத் திறந்ததும் இன்ஜின் மேல புறங்கையை வச்சுப் பார்த்தீங்க. காய்ச்சல் அடிக்குதான்னா?

— ஐசியூ நர்ஸ் வேலையில இருந்து நான் ரிடையர் ஆயிட்டேன். கை ஆகலையே. மணி என்ன?

— நாலு இருபது. ஆறு மணிக்கு உங்க மாப்பிள்ளை, உங்க பொண்ணுக்கு வேலை கிடைச்ச ஊர்ல வாடகை வீட்டுக்காரருக்கு போன் போட்டு, ‘வர்றோம்’னு சொல்லப் போறான். சொல்லிட்டா ஒண்ணாந்தேதி சாமானோட கிளம்பிடுவாங்க.

— வேலை கிடைச்சிடுச்சும்மான்னு என் பொண்ணு வந்து நின்னப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அறுபது கிலோமீட்டர் தள்ளின்னதும் அந்த சந்தோஷம் போயிடுச்சு.

— காலைல ஆறரைக்கு அங்க இருக்கணும், அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இல்ல. கார் ஓடினா இங்க இருந்தே போயிட்டு வருவேன்னு என் மருமக வாயாலதானே சொன்னா? அப்ப இது ஓடியாகணும்.

— பதறாதீங்க. கேஸ் ஹிஸ்டரி சொல்லுங்க.

— உங்களுக்குத் தெரியாததா? எவனோ பின்னாடி இருந்து இடிச்சு, இன்சூரன்ஸ்காரங்களே தேறாதுன்னு கைகழுவின வண்டி. அதை வாங்கிட்டு வந்து என் பையன் ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம இந்த ஷெட்டுல குடியிருந்தான். போன வாரம், ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன் வாங்கன்னு நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்டான். இதே கர்ர் கர்ர்.

— ‘இது ஆகாதும்மா’ன்னு கையைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை கம்மி. சரி, ரெண்டு நாளா வீடியோவா பார்த்துத் தள்ளியிருக்கேன். இன்ஜினுக்குக் காத்து வேணும், பெட்ரோல் வேணும், நெருப்புப் பொறி வேணும். மூணுல எது வரலைன்னு கண்டுபிடிக்கணும்.

— அதென்ன கையில? ஊசியா?

— பத்து எம்.எல். சிரிஞ்ச். ஊசி இல்ல, பயப்படாதீங்க. உள்ள இருக்கறது உங்க ஸ்கூட்டர் பெட்ரோல்.

— என் ஸ்கூட்டர்லயா எடுத்தீங்க? ஒரு வார்த்தை கேக்காம?

— ரத்த தானம்னு நினைச்சுக்குங்க. காத்துக் குழாயைக் கழட்டிட்டேன். இதோ, உள்ள விட்டாச்சு. நான் தள்ளி வந்துடறேன்... ம், திருப்புங்க!

— ஐயோ, எடுத்துச்சு! எடுத்துச்சு சம்பந்தி! அடடா... போச்சே.

— ரெண்டு செகண்ட் ஓடிச்சில்ல? போதும்! நாடி இருக்கு அண்ணி! காத்தும் சரி, பொறியும் சரி. ஊட்டினா சாப்பிடுது. சாப்பாடுதான் தானா வந்து சேரல.

— டேங்க்ல பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கே.

— அப்ப பம்ப். இருங்க, பின்சீட்டுல காதை வைக்கிறேன். சாவியைப் போடுங்க, முழுசாத் திருப்ப வேணாம். ரெண்டு செகண்ட் முனகணும்... ம்ஹூம். பேச்சு மூச்சே இல்ல. பம்ப் செத்துருச்சு.

— இருங்க இருங்க. போன் பேசலைன்னா, போன் செத்துருச்சுன்னு எடுத்ததும் சொல்லிடறதா? லைன் வருதான்னு முதல்ல பார்க்கணும். எழுந்திருங்க, இடம் மாறுவோம். அந்த டெஸ்ட் லைட்டைக் கொடுங்க. நான் சொல்றப்ப எல்லாம் சாவியைப் போடுங்க.

— போட்டாச்சு, டாக்டர்.

— ஃபியூஸ்கிட்ட லைட் எரியுது. மறுபடி... பம்ப்கிட்ட எரியல. பார்த்தீங்களா? பம்ப் மேல அநியாயமாப் பழி போட்டீங்க. நடுவுல எங்கயோ லைன் கட்.

— நடுவுலன்னா, நாலு மீட்டர் ஒயர் இருக்கே.

— நாலு மீட்டரா? நாங்க நாப்பது கிலோமீட்டர் தேடியிருக்கோம்! இந்தா போகுது பாருங்க, டிக்கிக்குள்ள. ஓரத்துல இருக்கற அட்டையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க. சம்பந்தி! இங்க ஒரு டப்பா இருக்கு. மேல சிவப்புப் பட்டன் துருத்திக்கிட்டு நிக்குது. மூடியில படமே போட்டிருக்கான்.

— என்னான்னு?

— வண்டி பலமா இடிபட்டா இந்தப் பட்டன் எகிறிடும். தீப்பிடிக்கக் கூடாதுன்னு பெட்ரோலை நிறுத்திடும். திரும்ப அமுக்கற வரைக்கும் பம்ப் ஓடாது.

— அப்ப இடிபட்ட அன்னைக்குப் பிடிச்ச மூச்சை இது இன்னும் விடலையா! பயம் போச்சு, எழுந்திருன்னு சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சே.

— நீங்களே சொல்லுங்க. அமுக்குங்க.

— நானா அண்ணி?

— ஐசியூல எத்தனை பேரை எழுப்பின கை அது! அமுக்குங்க, நான் போய் சாவியைப் போடறேன்.

— டக்குனு உக்காந்துருச்சு! அண்ணி, முனகுது! ம்ம்ம்னு முனகுது, கேக்குதா?

— கேக்குது! திருப்பறேன்... ஆ! பிடிச்சுக்கிச்சு! நிக்கல பாருங்க, நிக்கவே இல்ல!

— ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீங்க, இப்பதான் கண்ணு முழிச்சிருக்கு! ஏன் அண்ணி அழறீங்க?

— புகை. நீங்க ஏன் அழறீங்க?

— எனக்கும் புகைதான். மாப்பிள்ளைக்கு போன் போடுங்க, சீக்கிரம்.

— இருங்க, கேட் சத்தம். உங்க பொண்ணு வந்தாச்சு. வா கண்ணு, வா! கேக்குதா? உங்கம்மாவும் நானும் சேர்ந்து—

— தெருமுனையிலயே கேட்டுச்சு அத்தை. அந்தச் சிவப்புப் பட்டனா?

— அட! உனக்கு எப்படித் தெரியும்?

— அம்மா, நீயும் இப்படி வா. அத்தை, இன்ஜினைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்களேன்.

— அதெல்லாம் முடியாது. ஓடட்டும், நீ சொல்லு.

— இது போன சனிக்கிழமையே ஓடிச்சு. நாங்க ரெண்டு பேரும் பாலம் வரைக்கும் போயிட்டே வந்தோம். ஞாயித்துக்கிழமை நீங்க ஷெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, நான்தான் அந்த டப்பாவை ஸ்பேனரால தட்டிவிட்டேன்.

— என்னடி சொல்ற?

— மாடியில நாங்க, கீழ அத்தை, எதிர்வீட்டுல நீ. சாயங்காலம் அரை மணி நேரம் கதவைச் சாத்தினா, ரெண்டு பேரும் வந்து உடம்புக்கு என்னன்னு கேக்கறீங்க. உங்க மேல கோவமெல்லாம் இல்லம்மா. கொஞ்ச நாள் தனியா இருக்கணும்னு ஆசை. நேராச் சொல்ல தைரியம் வரல. வண்டி மேல போட்டுட்டோம்.

— கேட்டீங்களா சம்பந்தி?

— கேட்டேன் அண்ணி. நியாயமாத்தான் இருக்கு.

— எனக்கும் அப்படித்தான் படுது. என் காலத்துல எனக்கு இந்த யோசனை வரலையேன்னுதான் வருத்தம்.

— அப்ப கோவம் இல்லையா அத்தை?

— எதுக்கு? ஆறு மணிக்கு போன் போடச் சொல்லு. சாமானை நாங்களே கட்டித் தர்றோம், சந்தோஷமாப் போய் இருங்க.

— அத்தை! நிஜமாவா? அப்ப இந்த வண்டி?

— அது இங்கயே இருக்கட்டும் கண்ணு. நானும் உங்கம்மாவும் தினமும் உங்களை வந்து பார்த்துட்டுப் போகணுமில்ல?