அறுபது புது பிரிண்டர்

இன்னொன்னா! எங்கங்க வைப்பேன் இதை, என் மடியிலயா? ஏற்கனவே என் மேஜையச் சுத்தி மூணு நிக்குது. சரி, உங்களச் சொல்லி என்ன, நீங்க கொண்டாந்து மாட்டுற ஆளு. அந்த ஜன்னலோரம் வைங்க. துறைமுகம் தெரியுற ஒரே ஜன்னல், அதையும் மறைச்சிடுங்க.

எல்லாம் எங்க மேனேஜர் ஹேமிஷ் பண்ற வேலை. சிட்னியில ரெண்டு நாள் மாநாட்டுக்குப் போயிட்டு வந்தாரு. அதுலேர்ந்து வாயத் தொறந்தா டேட்டாதான். "ரேவின், இனிமே நம்ம ஐ.டி. டிபார்ட்மென்ட் யூகத்துல ஓடாது, டேட்டாவுலதான் ஓடும்"னு என்கிட்ட சொன்னாரு. ஓடட்டும், யாரு வேணாங்குறா? நாப்பது பேருக்கு ஆறு வாரம் பயிற்சி. கலர் கலரா வட்டம் போட்டு, அதைத் துண்டு துண்டா வெட்டக் கத்துக்கிட்டோம்.

அப்புறம் பதினோரு வருஷத்துப் புகாரையும் அதுல கொட்டினாங்க. கம்பெனியில நடக்குற கோளாறுல நூத்துக்கு எம்பத்தி மூணு பிரிண்டராலயாம்! நெட்வொர்க்கால ரெண்டே ரெண்டாம்! ஹேமிஷுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துருச்சு. அன்னைக்கே அறுபது பிரிண்டர் ஆர்டர். நெட்வொர்க்கைப் பார்த்துக்கிட்டிருந்த தவிட்டாவுக்கு... சீட்டைக் கிழிச்சாச்சு.

சமோவாக்காரருங்க. இந்தக் கட்டடத்துல எந்த வயரு எங்க போகுதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். நெட்வொர்க் படுத்துக்கிட்டா சத்தமில்லாம போயி சரி பண்ணிட்டு வந்துருவாரு.

இருங்க, கையெழுத்து வேணாமா? போடுறேன், இருங்க.

அந்தப் புகாரையெல்லாம் பதிவு பண்றது யாருங்கறீங்க? நான்தான். முடிச்சு வைக்கும்போது 'காரணம்'னு ஒரு கட்டம் வரும். காலியா விட்டா மூடாது சனியன். பட்டியல்ல மொதல்ல இருக்குறது... பிரிண்டர். அதையே அமுக்கிட்டு அடுத்த போனை எடுத்துருவேன். பதினோரு வருஷமா! தவிட்டா சரி பண்ணினதெல்லாம்கூட பிரிண்டர்தான்.

வெள்ளிக்கிழமை அவரை வழியனுப்பினோம். "எனக்காக ஹேமிஷ்கிட்ட சண்டை போட்டது நீ ஒருத்திதான்"னு கட்டிப்பிடிச்சு அழுதாரு. நானும் கேக்கை வெட்டி அவர் கையில குடுத்தேங்க.

திங்கக்கிழமை ஹேமிஷ்கிட்ட நேராப் போயி ஒப்புக்கிட்டேன். "உணர்ச்சிவசப்படாத ரேவின், நீ சொல்றதுக்கு டேட்டா இருக்கா?"ங்கறாரு! அதோட விட்டாரா? ஒரு கட்டத்தைக்கூட காலியா விடாத ஒரே ஆளாம் நான். டேட்டா குழுவுக்கே என்னைத் தலைவியாக்கிட்டாரு.

இன்னைக்குக் காலையில தவிட்டா போன் பண்ணாரு. வாழ்த்து சொல்றதுக்கு.

இல்லைங்க... அந்தக் கட்டத்துல பிரிண்டரை அமுக்கினது நான்தான்னு அவர்கிட்ட இன்னும் சொல்லல.