தேங்காய் எண்ணெய்

தடுப்பூசி வரிசையில் எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு நின்றவள், பக்கத்திலிருந்த தோழியிடம் மெல்லக் கேட்டாள்.

“தண்ணியில காண்டம் தாங்காதாக்கா?”

“தண்ணியில எதுக்குடி?”

“ஒரே ரூம் வீடு. மாமியார் சீரியல் பாக்கறப்ப பாத்ரூம்தான் எங்களுக்கு. தண்ணி பட்டு வழவழப்பு போயிடுச்சுன்னு அவரு தேங்கா எண்ணெய் தடவினாரு. கிழிஞ்சிடுச்சு.”

“எண்ணெய் பட்டா ரப்பர் இத்துப்போவும்டி. மறுநாளே மாத்திரை போட்டிருக்கலாமே.”

“கழுவிட்டா போயிடும்னு இருந்துட்டேன். நாள் தள்ளிப்போச்சுக்கா.”

“ஆபரேஷன் பண்ணி இவள எடுத்து ஆறு மாசம்தானே ஆவுது?”

“ரெண்டு வருஷத்துக்கு இன்னொண்ணு கூடாது, தையல் தாங்காதுன்னாங்க.”

“இப்பவே உள்ள போயி டாக்டரம்மாகிட்ட சொல்லு.”

“சீட்டு வாங்கப் போயிருக்கற மாமியாரும் கூட உள்ள வருவாங்களே. அடுத்தது பையனா பொறக்கணும்னு மாதா கோயில்ல தெனம் மெழுகுவத்தி ஏத்தறாங்க.”

நான் என் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.