தண்ணி தொடாத சக்கரம்

ஹலோ… யாரு? … ஓ, நீங்களா. ரெண்டு வருஷம் கழிச்சு பொண்டாட்டி நம்பர் ஞாபகம் வந்துச்சா? … சரி, சரி, முன்னாள் பொண்டாட்டி. திருத்தறதுல மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல.

… ம். ம். சொல்லுங்க. … மாமாவோட ஜப்பான் சவரக்கத்தியா? இருக்கு, இருக்கு. உங்க வீட்ட விட்டு நான் கிளம்புனப்ப உங்கப்பா என் கையில குடுத்ததாச்சே. ரொம்ப நாள் தொடவே மனசு வரல. போன வாரந்தான் முடிச்சேன். இதோ, பட்டறை மேசையில கிடக்கு.

… எப்படி வந்திருக்குன்னா? கேளுங்க. பழைய பிளாஸ்டிக் கைப்பிடி அழுகிப்போயி, அதுவே கத்திய துருப்பிடிக்க வச்சிருந்துச்சு. காப்பாத்த வேண்டியதே கூட இருந்து அரிச்சிருக்கு. உங்க ஞாபகம்தான் வந்துச்சு. … சிரிக்கல, நெசமாத்தான். துருவ கையாலயே தேச்சேன், அந்த ஜப்பான் எழுத்து நாலும் மழுங்காம. எருமைக் கொம்ப அறுத்து, அராவி, பதினோரு நாள் உக்காந்து புதுக் கைப்பிடி. பித்தளை ஆணிய ஒரு அடி அதிகமா அடிச்சா கொம்பு விண்டுடும், தெரியுமா? … உங்களுக்கெங்க தெரியும்? கண்காட்சியில நான் செஞ்ச கத்திய எல்லாம் "நான் செஞ்சது"ன்னு போட்டோவுக்கு நின்னவருதானே? எந்த உப்புத்தாள்ல தேச்சீங்கன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, "நல்ல உப்புத்தாள்"னு சொன்னீங்களே! … ஆமா, நான் பின்னாடி டீ கப்பு கழுவிக்கிட்டிருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு.

… போதும். "நீங்க"வும் போதும். நீ சொல்லு, இப்ப எதுக்குக் கத்தி? அடுத்த கண்காட்சியா? … அப்பாவா? அப்பா கேட்டாரா! அவருக்குக் குரல் போயி மூணு மாசமாச்சுன்னு உன் தங்கச்சி சொன்னா. இப்ப அவர் பேரச் சொல்லி நீ என்ன வேணா கேக்கலாம். வசதியாப் போச்சு.

… குறுக்க பேசாத. … பேசாதன்றேன்ல! அந்த வீட்டுல என் வேல தெரிஞ்சவரு அவரு ஒருத்தர்தான். நாப்பது வருஷம் சலூன் நடத்துன மனுஷன். நான் கத்தி தீட்டறப்ப கண்ண மூடிக்கிட்டு, சத்தத்த வச்சே "இன்னும் நாலு இழுப்பு இழும்மா"ம்பாரு. அவர இதுல இழுக்காத.

… கெஞ்சறியா? கெஞ்சு. கேக்க நல்லாருக்கு. … தப்புதான்னு சொல்லு. … சத்தமா. … "எல்லாம் அவ செஞ்சது"ன்னு சொல்லு. … இன்னொரு தடவ. … அன்னிக்கு வராத வாய் இன்னிக்கு எப்படி வருது பாரு.

… குடுக்கறேனா? இரு, ஃபோனைச் சக்கரத்துக்கிட்ட வைக்கறேன். … கேக்குதா? சாணைச் சக்கரம். சூடேறாம இருக்க ரெண்டு மூணு நொடிக்கொரு தடவ கத்திய தண்ணில முக்கணும். இப்ப முக்கல. … கத்தாத. … சரி கத்து, எனக்கென்ன. … இந்தா, ஓரம் மஞ்சளாகுது. … பழுப்பு. … நீலம். முடிஞ்சுது. நீலம் பாஞ்சா பதம் போச்சு, இனி ஜென்மத்துக்கும் கூர் நிக்காது. பாக்க பளபளன்னு இருக்கும், ஒரு முடி வெட்டாது. போட்டோவுக்கு உனக்கு அது போதும். வந்து எடுத்துக்க.

… என்ன? … பேசு, இப்ப குறுக்க வரல. … ஆஸ்பத்திரியா? … நாளைக்குக் காலைலயா? தொண்டையிலயா ஆபரேஷன்? … அதுக்கு முன்னாடி தாடி மழிக்கணும்… தன் கத்தியாலதான்னு எழுதிக் காட்டுனாரா. … யாரு மழிக்கணுமாம்? … நானா?

… நீ ஏன் முதல்லயே… ஆமா. நான் விடல.

… பக்கத்துலயா இருக்காரு? ஸ்பீக்கர்லயா போட்டிருக்க? எப்பலேருந்து? … முதல்லேருந்தா.

மாமா… மாமா, நான்தான். அது வேற கத்தி மாமா. இவன பயமுறுத்தத்தான் ஏதோ ஒரு பழைய கத்திய… மாமா, கேக்குதா? … டேய், என்ன பண்றாரு? … சிலேட்டா? எழுதி வச்சிருக்காரா? எப்ப எழுதுனாரு? … சக்கரம் ஓடறப்பவா? … படி. … படின்றேன்ல!

… "தண்ணி தொடும்மா"ன்னா?

… அதத்தான் நீ கத்துனியா.

… இப்ப என்ன பண்றாரு? … அழிக்கறாரா? வேண்டாம்னு சொல்லு. அழிக்க வேண்டாம்னு சொல்லுடா… மாமா, நான் வர்றேன், இப்பவே வர்றேன்… ஹலோ? … மாமா? … ஹலோ?