பூங்காவுக்கு ஒரு விட்டம் வேண்டும்

தலைமை நாற்காலியை அலங்கரித்திருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! அளந்து அளந்து இந்தப் பூங்காவை வரைந்த பொறியாளர் தம்பி அவர்களே! வெயிலில் வெந்தபடி வேலிக்கு வெளியே வீற்றிருக்கும் பெரியவர்களே! பிள்ளையை இடுப்பிலும் பொறுமையை நெஞ்சிலும் சுமந்து நிற்கும் தாய்மார்களே! வணக்கம்.

நீரூற்றுத் திறப்பு விழா, தெருவில் மூத்தவள் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசட்டும் என்று அழைத்தார்கள். பேசுகிறேன். வாழ்த்தை மட்டும் தேடாதீர்கள்.

போன ஆண்டு இங்கேதான் பொறியாளர் படம் விரித்தார். "பரிதி முழுக்க வேலி, மையத்தில் நீரூற்று" என்று அவர் முழங்க, நீங்கள் கைதட்டினீர்கள். பரிதி என்றால் என்ன தம்பி என்று எழுந்து கேட்டேன். "ஒண்ணுமில்ல பாட்டி, வட்டமா ஒரு கம்பி. உக்காருங்க" என்றார். சிரித்தீர்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி நிற்கவில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. அன்று மாலை அவள் சமையலறைத் தரையில் தட்டைக் கவிழ்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினாள். ஓரம் முழுவதும் பரிதி. நடுப்புள்ளி மையம். மையத்தின் வழியே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடும் நேர்கோடு விட்டம். ஓரத்தில் வளைந்த துண்டு வில். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஓரத்தில் நம் தெரு. அந்த ஓரத்தில் மருத்துவமனை! இந்தத் திடலுக்குக் குறுக்கே நாம் அன்றாடம் நடந்தது விட்டமல்லவா? விட்டத்தை விட்டுவிட்டு வில்லையல்லவா வாங்கி வந்திருக்கிறோம்? ஒன்றரை மடங்குக்கும் மேலே நடை!

இரண்டு பக்கமும் கதவு வைத்தார்களே என்பீர்கள். வைத்தார்கள், பூட்டினார்கள். புல் மிதிபடுமாம்!

சென்ற வாரம் எங்கள் தெருவில் துணி தேய்க்கும் பெண்ணுக்கு நண்பகலில் வலி கண்டது. ஒரு கையை அவள் புருஷனும் மறு கையை நானும் தாங்கிக் கதவருகே போய்க் காவலாளியைக் கெஞ்சினோம். "சாவி ஆபீஸ்ல இருக்கு பெரியம்மா. தலைவர் சொன்னாத்தான் தருவாங்க. நான் என்ன செய்ய?" என்று அவரும் கண்கலங்கினார். வேலியைப் பிடித்தபடி வளைந்தோம், வளைந்தோம், இன்னும் வளைந்தோம். கம்பிகளுக்கிடையே மருத்துவமனை வாசல் தெரிந்துகொண்டே இருந்தது. "அதோ தெரியுதே, ஏன்மா வரவே மாட்டேங்குது?" என்றாள். பாதி வில்கூடத் தாண்டவில்லை. நடைபாதையில், பேருந்துகள் பார்க்க, என் சேலை மறைப்பில் பிள்ளை பிறந்தது.

யாரது பின்வரிசையில்? தாயும் பிள்ளையும் நல்லாத்தானே இருக்காங்க என்கிறீர்களா? இருக்கிறார்கள் ஐயா! வேலியின் புண்ணியத்திலா? உங்கள் மகளை அங்கே படுக்கவைத்துப் பார்த்துவிட்டும் இதையே சொல்வீர்களா? அவள் இன்னும் வாசல்படி தாண்டவில்லை, வெட்கத்தில். வெட்கப்பட வேண்டியவள் அவளா?

நீரூற்று நெஞ்சை அள்ளுமாம், அள்ளட்டும். பிள்ளைத்தாய்ச்சியை அள்ளிக்கொண்டு ஓட வழி எங்கே?

தலைவர் கடிகாரம் பார்க்கிறார். முடிக்கிறேன். ஒரு புள்ளியில் சேரும் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள விரிவுக்குக் கோணம் என்று பெயராம். பூட்டிய கதவுக்குக் கோணம் என்ன? சுழி, வெறும் பூஜ்யம்! எங்களுக்குச் செங்கோணம் வேண்டும். இரண்டு கதவும், இரவும் பகலும், செங்கோணமாகத் திறந்து நிற்க வேண்டும். அதுவும் இன்றே, நீரூற்றைத் திறக்குமுன்னே! சாவிக்கு ஆள் அனுப்புங்கள். அதுவரை இந்த மைக்கை விட்டு நகரமாட்டேன். தாய்மார்களே, நகர்ந்து போய்க் கதவுக்கு நேராக நில்லுங்கள்.

பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. பூட்டைத் திறக்கும் கைக்கு, அது யாருடையதானாலும், என் வணக்கம்.